தலைவர் என்ன செய்தார், இனி என்ன செய்யணும்? கைபேசியிலேயே பார்க்கலாம் வாங்க!

(சேர்வராயன் மலைப் பகுதி மக்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2013 டிசம்பர் 4-ஆம் தேதி நம்ம ஏற்காடு சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் நோட்டா பொத்தானோடு நடந்த முதல் சட்டமன்ற இடைத்தேர்தல் அதுதான். மலையும் அடிவாரமும் சேர்ந்த இந்தத் தொகுதியில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 4,431 பேர் “யாரும் வேண்டாம்” என்பதையும் வரிசையில் நின்று பதிவு செய்துவிட்டுப் போனார்கள். ஓட்டுப் போடுவதில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாதுங்க.

ஆனால் ஓட்டுப் போட்ட அடுத்த நாள் என்ன நடக்கிறது? ஐந்து வருஷம் கழித்து அடுத்த தேர்தல் வரும்போது, “போன தடவை சொன்னதில் எது நடந்தது, எது நடக்கலை?” என்று யாராவது ஒரு தாளை எடுத்து நீட்டுகிறோமா? பெரும்பாலும் இல்லை. “நல்லாத்தான் பண்ணினார்” என்று ஒருவர் சொல்வார், “ஒண்ணுமே பண்ணலை” என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுக்கும் ஆதாரம் இருக்காது.

அந்த ஆதாரத்தை எங்கே பார்ப்பது, பார்த்த பிறகு அடுத்த இலக்கை எப்படி எழுதி வாங்குவது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி இல்லை. நம்ம வாசலுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற மக்கள் பிரதிநிதியான ஊராட்சித் தலைவரைப் பற்றி.

தலைவர் கையில் எது இருக்கிறது?

ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் 9 ஊராட்சிகள் இருக்கின்றன. 67 மலைக் கிராமங்கள் என்று நாம் எண்ணிச் சொல்வது வழக்கம். ஒரு தலைவருக்குக் கீழே பல குக்கிராமங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போனால் அரை நாள் ஆகிவிடும். இந்த அமைப்பை மனசில் வைத்துக்கொண்டுதான் ஒரு தலைவரை எடைபோட வேண்டும்.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110-ஆவது பிரிவு, ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறது. ஊராட்சிச் சாலை, தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், துப்புரவு, பொதுக் கழிப்பிடம், சுடுகாடு, இடுகாடு, குடிநீர். இவை தலைவரின் நேரடிப் பொறுப்பு. இதில் குறை இருந்தால் “மேலே கேட்டிருக்கேன்” என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்தது இரண்டாவது வகை. முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையில் இருக்கிறது. அங்கன்வாடி சமூக நலத் துறை. ஆரம்ப சுகாதார நிலையம் சுகாதாரத் துறை. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி பழங்குடியினர் நலத் துறை. ரேஷன் கடை கூட்டுறவு. இவற்றில் தலைவர் உத்தரவு போட முடியாது. ஆனால் யாருக்குக் கிடைக்கவில்லை என்று கணக்கெடுக்கலாம், கிராம சபையில் தீர்மானம் போடலாம், அலுவலகத்துக்கு எழுதலாம், பதில் வரும்வரை விடாமல் கேட்கலாம்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. மாநிலம் முழுக்க எல்லோருக்கும் வருகிற திட்டங்கள். 2023 செப்டம்பர் 15 முதல் வந்த ரூ.1,000 மகளிர் உரிமைத் தொகையோ, பள்ளிக் காலை உணவோ எந்த ஊராட்சித் தலைவரும் கொண்டுவந்தது இல்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியபோது முதல் கட்டம் 1,545 பள்ளிகள். மலைப்பகுதிப் பள்ளிகளும் அதில் இருந்தன. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இதைத் தன் சாதனை என்று ஒருவர் பேனரில் போட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் “நம்ம குக்கிராமப் பள்ளியில் மளிகை மழைக்காலத்தில் நேரத்துக்கு வந்து சேர ஏற்பாடு பண்ணினேன்” என்று சொன்னால், அது அவருடைய வேலைதான். அதற்கு மதிப்புக் கொடுக்கணும்.

ஆக, ஒரு தலைவரின் கணக்கைப் பார்க்கும்போது முதலில் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: தானே செய்ய வேண்டியது, கேட்டு வாங்கித் தர வேண்டியது, தானாகவே வருவது. இந்தப் பிரிவினை இல்லாமல் பாராட்டினாலும் தப்பு, திட்டினாலும் தப்பு.

பணம் எங்கே இருந்து வருது?

“ஊராட்சியில் பணமே இல்லைங்க” என்பது நாம் அடிக்கடி கேட்கிற பதில். சில சமயம் அது உண்மை. ஆனால் எவ்வளவு வந்தது என்று பார்க்காமல் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஊராட்சிக்கு வரும் பணத்தில் முக்கியமானவை மூன்று. ஒன்று, மத்திய நிதிக்குழு மானியம். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை சொன்ன கணக்குப்படி, இதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்ட பணமாக இருந்தது. வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கு ஏற்பச் செலவு செய்ய முடிந்தது. இரண்டு, மாநில நிதிக்குழு மானியம். மூன்று, சொந்த வருவாய்: வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி போன்றவை.

மூன்றாவதை நம்ம மலையில் கவனமாகப் பார்க்கணும். தங்கும் விடுதிகளும் ரிசார்ட்டுகளும் பெருகியிருக்கிற ஊராட்சியில் வரி ஒழுங்காக விதித்து வசூலித்தால், அந்தப் பணம் குக்கிராமத்துத் தெருவிளக்குக்குப் போகும். “எத்தனை கட்டடத்துக்கு வரி போட்டிருக்கீங்க, எத்தனை பாக்கி?” என்பது ஒரு தலைவரிடம் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. அதைக் கேட்பவர் தன் வீட்டு வரியைக் கட்டியிருக்க வேண்டும் என்பதும் நியாயம்தான். இப்போது ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்திலேயே ஊராட்சி வரியைக் கட்ட முடியும். ரசீது கைபேசிக்கே வந்துவிடும்.

சரி, செலவை எங்கே பார்ப்பது? “இ-கிராம் ஸ்வராஜ்” என்ற மத்திய அரசின் இணையதளம் 2020 ஏப்ரல் 24 முதல் இருக்கிறது. “மேரி பஞ்சாயத்” என்ற செயலியும் இருக்கிறது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால், உங்கள் ஊராட்சி எந்த ஆண்டில் என்ன வேலை செய்யத் திட்டம் போட்டது, எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவு ஆனது என்று காட்டும். குடிநீர்க் குழாய் இணைப்பு எத்தனை வீட்டுக்குக் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது என்பதை ஜல் ஜீவன் இயக்கத்தின் பக்கத்தில் கிராமம் வாரியாகப் பார்க்கலாம்.

பார்த்தவுடனே சண்டைக்குப் போகாதீங்க. திரையில் “முடிந்தது” என்று இருந்தால், அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். குழாய் இருக்கும், தண்ணீர் வராது. அந்தத் திட்டத்தின் அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். இணைப்பு எண்ணிக்கை வேறு, குடத்தில் விழும் தண்ணீர் வேறு. தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு ஊராட்சிச் செயலரிடம் அமைதியாகக் கேளுங்கள். சில சமயம் பதிவேற்றத்தில் பிழை இருக்கும், சில சமயம் மோட்டார் பழுதாக இருக்கும், சில சமயம் உண்மையிலேயே வேலை நடந்திருக்காது. எது என்று தெரிந்துகொண்டு பேசினால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

ஓடந்துறை காட்டிய கணக்கு

நல்ல சாதனை என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு நம்ம மாதிரியே மலையை ஒட்டிய ஒரு ஊராட்சியைச் சொல்கிறேன். கோவை மாவட்டம், மேட்டுப்பாளையம் பக்கத்தில் நீலகிரி அடிவாரத்தில் இருக்கிற ஓடந்துறை. அங்கே 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம்.

தண்ணீர் இறைக்கும் மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயை விழுங்கிக்கொண்டிருந்தது. முதலில் 2003 வாக்கில் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் கருவியை வைத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். அதன்பின் 2006-ல் ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டைப் பக்கம் நிறுவினார்கள். மொத்தச் செலவு ரூ.1.55 கோடி. அதில் ரூ.40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, ரூ.1.15 கோடி வங்கிக் கடன். தன் தேவைக்குப் போக மிச்ச மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனை ஆனது. அந்த வருமானத்தில் கடன் அடைந்தது.

நாமும் இங்கே காற்றாலை வைக்கணும் என்று சொல்ல வரலைங்க. அந்தச் சாதனையை எப்படிச் சொல்ல முடிகிறது பாருங்கள்: என்ன பிரச்சினை, எந்த ஆண்டு, எவ்வளவு செலவு, பணம் எங்கிருந்து வந்தது, ஊருக்கு என்ன மிச்சம். ஐந்து கேள்விக்கும் பதில் இருக்கிறது. “மக்கள் நலனுக்காக அயராது உழைத்தேன்” என்ற வாசகத்தில் இந்த ஐந்தில் ஒன்றுக்காவது பதில் இருக்கிறதா? நீங்களே சொல்லுங்க.

மலைக்கு மட்டும் உள்ள ஒரு கணக்கு

சமவெளியில் சாலை என்பது வசதி. மலையில் சாலை என்பது உயிர்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை இறந்துபோனது. திரும்பும்போது பாதை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட, அந்தத் தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்தே மலை ஏறினார். தமிழ்நாடே அந்தச் செய்தியைப் பார்த்து அழுதது. நம்ம சேர்வராயன் மலையும் இதற்கு வெளியே இல்லை. ஃபெஞ்சல் புயலை ஒட்டி 2024 டிசம்பர் தொடக்கத்தில் மழை கொட்டியபோது இங்கே சாலைகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். பெரிய சாலைக்கே அந்த நிலை என்றால், உள்ளே இருக்கிற குக்கிராமத்து மண்பாதையை நினைத்துப் பாருங்கள்.

“பாதை போடச் சொன்னா வனத்துறை விடமாட்டேங்குது” என்பார்கள். இந்த இடத்தில்தான் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). வன நிலத்தில் 13 வகையான பொது வசதிகளுக்கு இடம் கொடுக்க அது வழி செய்கிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நிபந்தனைகள் மூன்று. ஒவ்வொரு வேலைக்கும் தேவைப்படும் வன நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்கணும். வெட்ட வேண்டிய மரம் ஹெக்டேருக்கு 75-க்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது, கிராம சபை பரிந்துரைத் தீர்மானம் போட்டிருக்கணும்.

மூன்றாவது நிபந்தனையைக் கவனிச்சீங்களா? அது நம்ம கையில் இருக்கிறது. நூறு மனு கொடுப்பதைவிட, அளவு குறிப்பிட்டு, வரைபடம் இணைத்து, முறையாகப் போட்ட ஒரு தீர்மானம் அதிக தூரம் போகும். ஆகவே ஒரு தலைவரிடம் “ரோடு போட்டீங்களா?” என்று மட்டும் கேட்காதீங்க. “3(2)-ன் கீழ் தீர்மானம் போட்டு அனுப்பினீங்களா? எந்தத் தேதியில்? என்ன பதில் வந்தது?” என்றும் கேளுங்கள். அனுப்பியிருந்தால், சாலை இன்னும் வராவிட்டாலும் அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். அந்தக் கடித நகலும் அவருடைய சாதனைக் கணக்கில் சேரும். அடுத்து வருபவர் அங்கேயிருந்து தொடரலாம்.

விடுபட்டவர்கள் யார்?

சமூக சேவை என்றால் கட்டடம் மட்டும் இல்லை. யாருக்கு வர வேண்டியது வரவில்லை என்று தேடிப் பிடிப்பதும் அதில் சேரும்.

முதியோர் ஓய்வூதியம் 2023-ல் மாதம் ரூ.1,200 ஆனது. 60 வயது நிறைந்த, ஆதரவற்ற நிலையில் இருப்பவர்களுக்கு. ஆதரவற்ற விதவைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனி ஓய்வூதியத் திட்டங்கள் இருக்கின்றன. இ-சேவை மையத்தில் ரூ.10 கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆதாரில் வயது தப்பாக இருக்கும், கைரேகை விழாது, வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். கூலி வேலையில் கை தேய்ந்துபோன ஒரு பாட்டிக்கு இதை யார் சரி பண்ணித் தருவார்கள்? நல்ல தலைவர் ஒருவர் செய்ய வேண்டியது, குக்கிராமம் வாரியாக ஒரு பட்டியல்: தகுதி உள்ளவர் எத்தனை பேர், வாங்குபவர் எத்தனை பேர், நிற்கிற விண்ணப்பம் எத்தனை, ஏன் நிற்கிறது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களும் அந்தப் பட்டியலில் வரணும். அவர்கள் முகவரி ஆதாரமே பல சமயம் சிக்கலாக இருக்கும்.

அதேபோல் சாதிச் சான்றிதழ். சேலம் மாவட்ட மலையாளி சமூகம் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் மாவட்டம் வாரியாக எழுதப்பட்டிருப்பதால், ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே மலையாளி மக்கள் அந்தச் சான்றுக்காகப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் தாள் கையில் இருக்கணும். பழங்குடியினர் சான்றிதழைத் தருபவர் வட்டாட்சியர் இல்லை, கோட்டாட்சியர். இ-சேவையில் ரூ.60 கட்டி விண்ணப்பித்தாலும் விசாரணைக்கு நேரம் ஆகும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வரும்போது ஓடினால், பிள்ளையின் ஒரு வருஷம் போய்விடும். “எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த ஆண்டுக்குள் சான்றிதழ், பள்ளியிலேயே முகாம்” என்று ஒரு தலைவர் இலக்கு வைத்தால், அதற்கு ஊராட்சிப் பணம் பெரிதாகத் தேவையில்லை. கடிதமும் விடாமுயற்சியும் போதும்.

இலக்கை எழுதி வாங்கும் இடம்

இதெல்லாம் எங்கே பேசுவது? கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்கு நாளாக இருந்தது 2022-ல் ஆறு நாளாக ஆனது. இந்த ஆறு தேதியையும் இப்போதே உங்கள் கைபேசி நாட்காட்டியில் நினைவூட்டலோடு பதிந்து வையுங்கள்.

எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். மலையில் ஆள் சேர்வது கஷ்டம்தான். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்? அதனால் குக்கிராமம் வாரியாகச் சுழற்சியில் இடத்தை மாற்றி நடத்தச் சொல்லிக் கேளுங்கள். போக்குவரத்துக்கு ஒரு வண்டி ஏற்பாடும் கேளுங்கள்.

கூட்டத்தில் மூன்று காரியம் மறக்காதீங்க.

ஒன்று: வரவு செலவுச் சுருக்கம், படிவம் 30 என்பார்கள், அதைச் சபையில் வைக்கச் சொல்லுங்கள். கைபேசியில் நீங்கள் பார்த்த கணக்கோடு ஒப்பிட அதுதான் சரியான நேரம்.

இரண்டு: தீர்மானம் எழுதப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்வது நல்ல பழக்கம் இல்லை. எழுதி முடித்ததும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று: தலைவர் பெண்ணாக இருந்தால், பேச வேண்டியவரும் அவர்தான். 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தலைவரம்மா ஓரமாக நிற்க, வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னால், “தலைவரம்மா, நீங்க சொல்லுங்க” என்று மரியாதையோடு கேளுங்கள். அவர் பேசப் பேச ஊருக்கும் பழகிவிடும்.

இலக்கு எழுதும்போது நான்கு விவரம் கட்டாயம்: எந்தக் குக்கிராமம், எத்தனை வீடு, எந்தப் பணம், எந்தத் தேதிக்குள். “குடிநீர்ப் பிரச்சினை தீர்க்கப்படும்” என்று எழுதினால் ஐந்து வருஷம் கழித்து யாராலும் சரிபார்க்க முடியாது. “மேல்தெரு 40 வீட்டுக்கு, நிதிக்குழுக் குடிநீர் மானியத்தில், அடுத்த மார்ச் 22 சபைக்குள் தண்ணீர்” என்று எழுதினால், அந்த மார்ச் 22 அன்றைக்கே தெரிந்துவிடும். 40 என்பது உதாரணத்துக்குச் சொன்னது. உங்கள் தெருவை நீங்கள் எண்ணுங்கள்.

நாற்காலி காலியாக இருக்கும்போது

சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்கள் 2020 ஜனவரி 6-ல் பொறுப்பேற்றார்கள். அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் பொறுப்பு.

இப்படி ஒரு இடைவெளி வரும்போதுதான் பெரிய இழப்பு நடக்கும். பாதியில் நின்ற வேலை, அனுப்பிய கடிதம், நிலுவையில் உள்ள பட்டியல் எல்லாம் மனுஷங்க ஞாபகத்தில் மட்டும் இருந்தால் காற்றோடு போய்விடும். புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குவார். தலைவர் மாறினாலும் ஊர் மாறாது இல்லையா? ஆகவே அந்த ஞாபகத்தை ஊர் வைத்துக்கொள்ளணும்.

ஒரே ஒரு தாள் போதும். ஆறு வரிசை போடுங்கள்: தண்ணீர், விளக்கு, பாதை, குழந்தைகள், முதியோர், சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: முடிந்தது, பாதியில் நிற்கிறது, தொடங்கவே இல்லை. பாதியில் நிற்பதற்கு எதிரே கடிதத் தேதியும் தீர்மான எண்ணும் எழுதுங்கள். முன்னாள் தலைவரிடம் போய் உட்கார்ந்து, “இதில் நீங்க செய்தது எது, தடுத்தது எது?” என்று கேட்டு நிரப்புங்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற மாதிரி வேண்டாம். ஐந்து வருஷம் மலை ஏறி இறங்கியவருக்குத் தெரிந்த விஷயம் நிறைய இருக்கும். அடுத்த தேர்தலில் யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் அதே தாளை நீட்டி, “இதில் உங்க இலக்கு எது?” என்று கேளுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தனி அலுவலர் காலத்திலும் கேட்க வழி இருக்கிறது. குறைகளுக்கு “ஊராட்சி மணி” 155340. முதலமைச்சர் உதவி மையம் 1100. ரேஷன் புகாருக்கு 1967. மருத்துவ ஆலோசனைக்கு 104. மூத்த குடிமக்களுக்கு 14567. எதில் பேசினாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாரைப் பின்தொடர முடியாது. ஆவணம் வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் ரூ.10, வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தரணும். தமிழ்நாட்டில் இணையம் வழியாகவும் அனுப்பலாம்.

போன் வைத்திருக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை

இந்த இதழைக் கைபேசியில் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் ஊரில் இதைப் படிக்க முடியாத ஒருவருக்கும் சேர்த்துத்தான் படிக்கிறீர்கள். மலையில் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. ஒரு மேட்டில் ஏறினால்தான் ஒரு கோடு வரும். அந்த மேட்டில் நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் விண்ணப்ப நிலையையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். கல்லூரி போகிற தம்பி, தங்கைகள் ஆளுக்கு ஐந்து வீட்டை எடுத்துக்கொண்டாலே ஒரு குக்கிராமம் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உதவி செய்கிறோம் என்று மற்றவர்களின் ஆதார் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீங்க. ஓடிபி எண்ணை யார் கேட்டாலும், அலுவலர் என்று சொன்னாலும், கொடுக்கக் கூடாது என்று பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். மோசடி நடந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். பட்டியலில் பெயர் வேண்டாம். வீட்டு எண்ணும் எண்ணிக்கையும் போதும்.

அடுத்த கிராம சபை வருவதற்குள் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். நான்கு வீட்டுக்காரர்களை உட்கார வைத்து, அந்த ஆறு வரிசைத் தாளை நிரப்புங்கள். முதல் தடவை பாதிதான் நிரம்பும்; பரவாயில்லை. நிரம்பாத கட்டம் எது என்று தெரிவதே, அடுத்த சபையில் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

தாளோடு கிராம சபைக்கு வாங்க. பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க.